யாரும் அமராத இருக்கை: அசாந்தே அரசில் புனிதப் பொருள்களின் காப்பு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இவ்வாண்டுச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கு ஆப்பிரிக்காவில் குமாசியைத் தலைநகராகக் கொண்டு எழுந்து, இன்றைய கானா நாட்டுக்குள் மரபுவழி அரசாக நிலைத்திருக்கும் அசாந்தே மக்கள், தங்கள் புனிதப் பொருள்களைக் காத்துவந்த முறையாகும்.

பழம்பொருள் காப்பு என்றவுடன் கண்ணாடிப் பேழையும், ஈரப்பதம் அளக்கும் கருவியும், பதிவேட்டு எண்ணும், வாயிற்காவலரும் நினைவுக்கு வருவது இன்றைய படிப்பின் பழக்கம். அசாந்தேயர் வகுத்த காப்பு வேறு வகையானது. ஒரு பொருளை யார் தொடலாம், யார் சுமக்கலாம், எந்நாளில் அது வெளியே வரலாம், அதற்கு ஊறு நேர்ந்தால் யார் விடைசொல்ல வேண்டும் என்னும் கடமைகளின் பின்னல் அறுபடாமல் இருக்கும்வரைதான் அப்பொருள் காக்கப்பட்டதாகும் என்பதும், அப்பின்னல் அறுந்துவிட்டால் பொருள் பொடியளவும் சிதையாமல் இருந்தாலும் அதனைக் காக்கப்பட்டதாகக் கொள்ள இயலாது என்பதுமே இவ்வுரை நிறுவ முயலும் கருத்து. இதற்கு நடுச்சான்றாக அசாந்தேயரின் பொன் இருக்கை எடுத்துக்கொள்ளப்படுகிறது.

1. பொருளும் அதன் பெயரும்

அசாந்தேயர் பேசும் த்வி மொழியில் இவ்விருக்கைக்குச் 'சிகா த்வா கோஃபி' என்று பெயர். 'சிகா' என்பது பொன். 'த்வா' என்பது இருக்கை. 'கோஃபி' என்பது வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்மகனுக்கு இடும் பெயர். பிறந்த கிழமையால் மக்களுக்குப் பெயரிடுவது அம்மக்களின் வழக்கமாதலால், வெள்ளிக்கிழமை தோன்றியதாகக் கருதப்படும் இவ்விருக்கையும் ஓர் ஆளைப் போலவே பெயர் பெற்றது. அசாந்தே அரசை ஒன்றுசேர்த்த முதல் மன்னர் ஒசெய் டுட்டுவும் அவருடைய குருவாக விளங்கிய ஒகொம்ஃபோ அனோக்கியேயும் கூட்டிய அவையில், அனோக்கியேயின் வேண்டுதலால் இது வானிலிருந்து இறங்கி மன்னரின் மடியில் அமர்ந்தது என்பது மரபு. அதுவரை டென்கிரா அரசுக்குத் திறை செலுத்திய சிற்றரசுகள் 1701இல் ஃபெயியாசே போர்க்களத்தில் அவ்வரசை முறியடித்து ஒரே அரசாக எழுந்த காலத்தோடு இம்மரபு பிணைந்திருக்கிறது. தனித்தனியே தங்களுக்கென்று இருக்கைகளும் முன்னோர்களும் கொண்டிருந்த குடித்தலைவர்கள், தங்களுக்கெல்லாம் மேலான ஒன்றாக இதனை ஏற்றனர். மொத்த அசாந்தே மக்களின் 'சுன்சும்', அதாவது அவர்களை ஓரினமாக உயிர்ப்பிக்கும் ஆவி, இதற்குள் உறைகிறது என்று கொள்ளப்பட்டது.

தமிழில் இதனை 'அரியணை' என்று பெயர்ப்பது எளிது. ஆனால் அது பெரும்பிழையாகும். அரியணை என்பது மன்னன் ஏறி அமர்வதற்கென்றே உள்ளது. அதில் அமர்வதே ஆட்சி ஏற்பதாகும். பொன் இருக்கையிலோ எவரும் அமர்வதில்லை. அசாந்தேஹெனே எனப்படும் பேரரசர் பட்டமேற்கும்போது கூட, அவரை இருவர் தாங்கி அதன்மேல் மும்முறை தாழ்த்தி உயர்த்துவரேயன்றி, அவர் உடல் அதில் படுவதில்லை. அதனைத் தரையில் வைப்பதும் இல்லை. அது அமர்வதற்கென்று தனி நாற்காலி உண்டு. அது வெளியே வரும்போது அதற்கென்று குடை பிடிக்கப்படும். மன்னர் இருக்கையைத் தாங்கவில்லை, இருக்கைதான் மன்னரைத் தாங்குகிறது என்னும் இவ்வேறுபாட்டை உணராதவர் ஒருவர் ஆளுநராக வந்ததால் விளைந்த போரைப் பின்னர்க் காணலாம். ஆகவே இவ்வுரையில் 'இருக்கை' என்ற பொதுச்சொல்லே கையாளப்படுகிறது.

2. காவலின் அமைப்பு

பொன் இருக்கை தனியே நின்ற அதிசயப் பொருளன்று. அசாந்தே வாழ்வில் இருக்கை என்ற பொருளுக்கே இருந்த மதிப்பின் உச்சியில் அது நின்றது. ஒற்றை மரத்துண்டில் குடைந்து, மேற்பலகை இருபுறமும் வளைந்து எழும்பியதாகச் செய்யப்படும் சிறு இருக்கை, அதில் நாள்தோறும் அமர்பவரின் ஆவியோடு ஒட்டிக்கொள்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால், உரியவர் எழுந்து சென்றபின் வேறு ஏதேனும் ஆவி வந்து அமர்ந்துவிடாதபடி, இருக்கையைப் பக்கவாட்டில் சாய்த்துவைப்பது வழக்கம். நற்பெயரோடு பதவியில் இருந்தபடியே இறந்த தலைவரின் இருக்கையைக் கரிபூசிக் கருமையாக்கி, முன்னோர் இருக்கைகளுக்கென அமைந்த அறையில் சேர்ப்பர். 'கரிய இருக்கை' எனப்படும் அது, இறந்தவரின் ஆவி வந்து தங்கி வழிபாடு ஏற்கும் இடமாகிறது. பதவி இழந்தவரின் இருக்கைக்கு அவ்வறையில் இடமில்லை. எந்தப் பொருள் காக்கப்பட வேண்டும் என்பதை அதன் விலையோ வேலைப்பாடோ முடிவு செய்யாமல், அதில் அமர்ந்தவரின் நடத்தை முடிவு செய்தது என்பது இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது.

கரிய இருக்கைகளுக்குரிய வழிபாடு 'அடாய்' எனப்படும் நாள்களில் நடைபெறும். அசாந்தே நாள்காட்டி 42 நாள்களைக் கொண்ட சுற்றாக அமைந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு புதன்கிழமையும் அடாய் நாள்களாகும். அந்நாள்களில் தலைவர் முன்னோர் அறைக்குள் சென்று உணவும் மதுவும் படைக்கிறார். எனவே இருக்கைகள் ஆண்டுக்கு ஒருமுறை தூசு தட்டப்படும் பொருள்களாக இல்லாமல், சில வாரங்களுக்கு ஒருமுறை கேட்டு விசாரிக்கப்படும் மூத்தோராக இருந்தன. ஒன்று காணாமற்போனால் அடுத்த அடாய்க்குள் அது தெரியாமற்போக வழியில்லை. இதைவிட நெருக்கமான சரிபார்ப்பு எந்த அருங்காட்சியகப் பதிவேட்டிலும் இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

அரண்மனையில் பணிகள் பகுத்தளிக்கப்பட்டிருந்தன. இருக்கை சுமப்போர், குடை பிடிப்போர், வாள் ஏந்துவோர், கொம்பு ஊதுவோர் என ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர் உண்டு. அத்தலைவருக்கும் தனிப் பெயரும் அவையில் இடமும் உண்டு. 'அக்ராஃபோ' என்று ஒரு குழுவினர் இருந்தனர். மன்னரின் உயிர்ச்சத்தைத் தூய்மைப்படுத்தும் சடங்குக்குரியவர்கள் அவர்கள். அவர்கள் மார்பில் அணிந்த வட்டமான பொன்தகடு அப்பணியின் அடையாளம். தகட்டைக் காப்பதென்றால் அதனை அணிபவரின் பணியைக் காப்பதென்றே பொருள். பணியிலிருந்து பிரித்த தகட்டுக்கு எஞ்சுவது எடை ஒன்றே.

நகல் செய்வதும் தடுக்கப்பட்டது. கியாமான் நாட்டு மன்னர் கோஃபி அடின்க்ரா தமக்கும் ஒரு பொன் இருக்கை செய்துகொண்டார் என்பதே 1818ஆம் ஆண்டளவில் அவர்மேல் அசாந்தேஹெனே ஒசெய் போன்சு படையெடுத்ததற்குக் காரணமாக மரபில் சொல்லப்படுகிறது. தோற்ற மன்னரின் இருக்கைப் பொன்னை உருக்கி, அவர் முகவடிவில் வார்த்து, மெய்யான பொன் இருக்கையில் தொங்கவிட்டனர் என்றும் கூறுவர். வேறொருவர் செய்துகொண்ட அணிகலனுக்காகப் போர் தொடுப்பது இன்றைய மனத்துக்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் சுன்சும் ஒன்றே என்று கொண்டவர்களுக்கு, அதற்கு இரண்டாவது இருப்பிடம் என்பது பிளவுக்கான அறைகூவலாகவே பட்டிருக்கும்.

3. மறைத்தல் என்னும் காப்பு

1874 பிப்ரவரியில் கார்னெட் வுல்ஸ்லி தலைமையில் குமாசிக்குள் நுழைந்த பிரிட்டிஷ் படை, அரண்மனையைச் சூறையாடி, வெடிவைத்துத் தகர்த்து, நகருக்குத் தீயிட்டுத் திரும்பியது. அள்ளிச்சென்ற பொன்னணிகள் ஏலம் விடப்பட்டன. பல லண்டன் நகைக்கடைக்குப் போய்ச் சேர்ந்தன. அதன்மேல் 50,000 அவுன்சு பொன் தண்டமாகச் செலுத்தவேண்டும் என்ற உடன்படிக்கையும் திணிக்கப்பட்டது. பொன் இருக்கை மட்டும் அவர்கள் கையில் சிக்கவில்லை.

1896இல் அத்தண்டத்தையே காரணமாகக் காட்டி மீண்டும் படை வந்தபோது, இளம் மன்னர் முதலாம் ப்ரெம்பே எதிர்த்துப் போரிடவில்லை. ஆளுநர் மேக்ஸ்வெல்லின் காலைப் பற்றிப் பணியுமாறு அவரும் அவருடைய தாயாகிய அரசியன்னை யா அக்யாவும் அவையோர் முன்னிலையில் கட்டாயப்படுத்தப்பட்டனர். பணிந்த பிறகும் சிறைபிடிக்கப்பட்டனர். முன்னோர் மன்னர்களின் நினைவிடமாகிய பன்டாமா எரிக்கப்பட்டது. ப்ரெம்பே முதலில் சியரா லியோனுக்கும் பின்னர், 1900இல், இந்தியப் பெருங்கடலிலுள்ள செஷல்ஸ் தீவுக்கும் நாடுகடத்தப்பட்டார். போர் மூண்டிருந்தால் நகரும் இருக்கையும் சேர்ந்து அழிந்திருக்கும் என்பதால் தம்மையே கொடுத்து இருக்கையைக் காத்தார் என்று அசாந்தேயர் அச்செயலை விளங்கிக்கொள்கின்றனர். மன்னரைவிட இருக்கை மேலானது என்னும் கோட்பாடு உண்மையிலேயே கடைப்பிடிக்கப்பட்டது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

1900 மார்ச் 28 அன்று ஆளுநர் பிரெடரிக் ஹாட்ஜ்சன் குமாசியில் தலைவர்களைக் கூட்டிவைத்து, பொன் இருக்கை எங்கே என்றும், நாட்டை ஆளும் பேரரசின் பிரதிநிதியாகிய தாம் அதன்மேல் அமர்த்தப்படாமல் சாதாரண நாற்காலியில் அமர்ந்திருப்பது ஏன் என்றும் கேட்டார். தேடிக் கொணர ஒரு படைப்பிரிவையும் அனுப்பினார். அவர் அறியாமையால் கேட்ட அக்கேள்வி, அசாந்தேயரின் எந்த மன்னரும் எண்ணிப்பார்க்கத் துணியாத ஒன்றைத் தமக்கு உரிமையாகக் கோரியது. தலைவர்கள் மறுமொழி கூறாமல் கலைந்தனர். சில நாள்களுக்குள் எஜிசுவின் அரசியன்னை யா அசாந்தேவா தலைமையில் எழுச்சி மூண்டு, ஹாட்ஜ்சன் குமாசிக் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டு, ஜூன் மாதத்தில்தான் தப்பி வெளியேறினார். எழுச்சி இறுதியில் ஒடுக்கப்பட்டது. யா அசாந்தேவா செஷல்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டு 1921இல் அங்கேயே மறைந்தார். 1902 ஜனவரி 1 முதல் அசாந்தே நாடு முறைப்படி பிரிட்டிஷ் ஆட்சிக்குள் இணைக்கப்பட்டது. நிலம் போயிற்று, மன்னர் போனார், தலைவர்கள் போயினர். இருக்கை மட்டும் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது, அது கிடந்த இடம் சிலரது நாவுக்குள் புதைந்து கிடந்தது.

இதில் ஒரு முரண் போன்ற நிலை உண்டு. தரையையே தொடக்கூடாத பொருளை மண்ணில் புதைக்க நேர்ந்தது. விதியை மீறாமல் அவ்விதி எதற்காக உண்டாயிற்றோ அதனைக் காக்க முடியாத நாள் வந்தபோது, காவலர்கள் பின்னதையே தேர்ந்தனர். மரபென்பது கண்மூடிய பின்பற்றல் என்று பேசுவோர் இந்த முடிவை எண்ணிப்பார்க்க வேண்டும்.

4. உள்ளிருந்து வந்த கேடு

அவையோரே, இதுவரை சொல்லப்பட்டதைக் கொண்டு, காவலுக்கு எதிரி எப்போதும் வெளியிலிருந்தே வருவான் என்று கருதிவிடக் கூடாது. 1920ஆம் ஆண்டளவில் சாலை போடும் வேலையாள்கள் இருக்கை புதைந்திருந்த இடத்தைத் தற்செயலாகத் தோண்டினர். பின்னர் அசாந்தேயர் சிலரே அதிலிருந்த பொன்னணிகளைக் கழற்றி விற்க முற்பட்டனர். 1921இல் செய்தி வெளிப்பட்டது. நாடெங்கும் துக்கம் கடைப்பிடிக்கப்பட்டது. குற்றம் செய்தவர்களைக் குமாசித் தலைவர்களின் அவை விசாரித்து மரண தண்டனை விதித்தது. பிரிட்டிஷ் அரசு அதனை நாடுகடத்தலாகக் குறைத்தது.

அரசாங்கம் இம்முறை இருக்கையைக் கைப்பற்ற முயலவில்லை என்பதுதான் இங்கு வியப்பு. அசாந்தே மக்களின் மொழியையும் வழக்கங்களையும் ஆராய்ந்துவந்த மானிடவியலாளர் ஆர்.எஸ். ராட்ரே, இவ்விருக்கை அதிகாரச் சின்னம் என்பதைவிட ஓர் இனத்தின் ஆவியிருப்பிடம் என்பதை விளக்கிச் சொன்னார். ஆளுநர் கோர்டன் கக்கிஸ்பர்க்கின் ஆட்சி, இனி அதனைக் கேட்பதில்லை என்று உறுதியளித்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆளுநரின் அறியாமை போரைக் கொணர்ந்தது. ஓர் ஆய்வாளரின் செவிமடுத்தல் மற்றொரு போரைத் தவிர்த்தது. படிப்புத் துறையில் உழைப்போர் தம் தொழிலின் பொறுப்பை இதில் காணலாம். ப்ரெம்பே 1924இல் தாயகம் திரும்பினார். 1935இல் அசாந்தே கூட்டரசு மீட்கப்பட்டு இரண்டாம் ப்ரெம்பே அசாந்தேஹெனேயாகப் பட்டமேற்றார்.

உள்ளிருந்து வரும் கேடு அசாந்தேக்கு மட்டும் உரியதன்று. கேமரூன் நாட்டின் கோம் அரசில் 'அஃபோ-அ-கோம்' என்ற, மணிகள் போர்த்திய மரச்சிலை 1966இல் திருடப்பட்டு, 1973இல் நியூயார்க்கில் விற்பனைக்கூடம் ஒன்றின் உடைமையாக வெளிப்பட்டு, அவ்வாண்டே கோம் மக்களிடம் திரும்பியது. 'கோமின் பொருள்' என்பதே அச்சிலைப் பெயரின் பொருள். கேடு எவ்வழி வந்தாலும், கடமைப் பின்னல் அறுபடாதவரை மீட்பு உண்டு. உகாண்டாவின் புகாண்டா அரசில், கபாகா எனப்படும் மன்னர்களின் கசுபி கல்லறைக் கூடம் 2010 மார்ச் மாதத்தில் தீக்கிரையாகியது. ஆயினும் கூரைக்குப் புல்வேயும் உரிமை பெற்ற குலத்தாரும், கல்லறைகளைப் பேணும் பெண்களும் தத்தம் கடமையோடு எஞ்சியிருந்ததால், நாணலும் புல்லும் கொண்டு அதனை மீண்டும் எழுப்ப முடிந்தது. எரிந்தது கூடம், வேயும் உரிமை எரியவில்லை.

5. கண்ணாடிப் பேழைக்குள்

1874இலும் 1896இலும் எடுத்துச்செல்லப்பட்ட பொருள்களின் நிலை வேறு. அவற்றுள் பல, லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நூற்றாண்டுக்கு மேலாகக் கீறலின்றிப் பேணப்பட்டன என்பதை மறுக்க வேண்டியதில்லை. அப்பணியைச் செய்தோரின் திறமையும் மதிக்கத்தக்கதே. எனினும் இவ்வுரையின் தொடக்கத்தில் வகுத்த அளவுகோலால் அளந்தால், அக்ராஃபோவின் மார்பில் இருக்கவேண்டிய தகடு அருங்காட்சியகத்தின் வெல்வெட்டின்மீது இருப்பது காப்பாகாது. அது தொலைவில் உள்ள ஓர் இடத்தில் சிதையாமல் இருக்கிறது, அவ்வளவே.

2024இல் இரு அருங்காட்சியகங்களும் 32 பொருள்களைக் குமாசி மான்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்கு மூன்று ஆண்டுக் கடனாக அனுப்பின. அவற்றுள் மன்னருக்கு உறுதிமொழி கூறும் சடங்குக்குரிய 'ம்பொம்பொன்சுவோ' என்னும் வாளும், மேற்சொன்ன பொன்தகடுகளும் இருந்தன. உரிமையாகத் திருப்பித்தர 1963ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சட்டமும் 1983ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டமும் தடையாக உள்ளன என்பது அவர்கள் கூறும் காரணம். அவ்வாண்டு பிப்ரவரியில், குமாசி சூறையாடப்பட்டதன் 150ஆம் ஆண்டையொட்டி, லாஸ் ஏஞ்சலிஸின் ஃபௌலர் அருங்காட்சியகம் 7 பொருள்களை நிலையாகவே திருப்பியளித்தது. அவற்றுள் சில 1874 கொள்ளையிலும் சில தண்டத் தொகையிலும் அடங்கியவை.

கடனாக வந்தவற்றைக் குமாசி ஏற்றது தாழ்வா என்று கேட்போர் உண்டு. தம் பொருளையே கடனாக வாங்குவது மானத்துக்கு இழுக்கு என்ற வருத்தம் நியாயமானதே; அதனை எவரும் பொருட்படுத்தாமல் விடலாகாது. ஆயினும் கடன் உடன்பாடு கானா அரசாங்கத்தோடு செய்யப்படாமல் அசாந்தேஹெனேயோடு செய்யப்பட்டதை அறிஞர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. வாளையும் தகட்டையும் எந்த இருக்கையின் பெயரால் ஏந்தினார்களோ, அந்த இருக்கையின் காவலரையே மறுதரப்பாக ஒப்புக்கொண்ட முதற்படி அது. பன்னாட்டுச் சட்டத்தில் அரசுகளுக்கே இடமுண்டு. கடமைக்குரியவர்களுக்கு இதுவரை இடம் இருந்ததில்லை. அந்த ஒப்புதல் சட்டமாக எழுதப்பட வேண்டும் என்பதே இவ்வுரையின் உறுதியான கோரிக்கை.

6. கொடுக்கத்தக்கதும் தகாததும்

எதையும் விட்டுத்தரமாட்டோம் என்று இறுகியவர்களாக அசாந்தேயரைப் படம்பிடிப்பது தவறு. 1817இல் வணிக உடன்பாடு நாடி வந்த தாமஸ் பௌடிச் என்பவரிடம் பரிசாகத் தந்த பொருள்களும் லண்டனில் உண்டு. அவற்றையும் கொள்ளைப் பொருள்களையும் ஒரே நிரையில் வைத்துப் பேசுவதை அவர்களே ஏற்பதில்லை. அவர்களிடம் இருந்த வேறுபாட்டுணர்வு எத்துணை நுட்பமானது என்பதற்கு 1922ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று சான்றாகும்.

பிரிட்டிஷ் மன்னரின் மகள் மேரிக்குத் திருமணம் நிகழ்ந்ததையொட்டி, அசாந்தே நாட்டு அரசியன்னையர் எல்லாரும் பொருள் திரட்டி, இருக்கை செய்யும் தச்சரைக் கொண்டு ஓர் இருக்கை குடையச்செய்து, வெள்ளித் தட்டாரைக் கொண்டு அதற்கு வெள்ளிப் பூண் கட்டி, ஆளுநரின் மனைவி வழியாக அனுப்பினர். தாய்வழியே குலமும் உரிமையும் வரும் அம்மக்களிடம், இருக்கையைப் பற்றிப் பேசும் உரிமை அரசியன்னையருக்குச் சிறப்பாக உண்டு. பொன் இருக்கையை இனிக் கேட்பதில்லை என்று ஆளுநர் உறுதி கூறியதற்கு அவர்கள் நன்றி தெரிவித்தனர். இவ்வெள்ளி இருக்கையை மனமுவந்து தருவதாகவும், தங்கள் இனத்தின் ஆவி இதற்குள் இல்லை என்றும், ஆனால் தங்கள் அன்பு முழுவதும் இதற்குள் இருப்பதாகவும் சொல்லி அனுப்பினர். தங்கள் ஆவிகளைத் தங்கள் இருக்கைகளின் அடியில் பிணைத்துவைப்பது போலவே, அந்த அன்பையும் வெள்ளி விலங்கிட்டு இவ்விருக்கையில் பிணைத்திருப்பதாகத் தெரிவித்தனர். அப்போது பொன் இருக்கை, அணிகள் கழற்றப்பட்ட நிலையில், அவர்களுடைய காவலுக்குள் திரும்பியிருந்தது.